உடற்பயிற்சியறையும் இன்னொருவரும்

தன் வீட்டின் ஓரறையை உடற்பயிற்சிக்கென ஒதுக்கி, அதனைத் தொழில்முறை வடிவமைப்பாளர் ஒருவரைக் கொண்டு அமைப்பித்துக்கொள்ளும் வழக்கம் இன்று உலகின் பெருநகரங்களில் வசதி படைத்தோரிடையே பரவியுள்ளது. சுவரொன்று முழுவதும் கண்ணாடி, நிலத்திற்கு இறப்பர் விரிப்பு, கைகளை உயர்த்தினாலும் தட்டாத கூரை, வியர்வை நாற்றம் தங்காத காற்றோட்டம், கீழ்மாடிக்கு ஓசை கேளாத தளம், காலைக்கொன்றும் மாலைக்கொன்றுமாக மாறும் விளக்கொளி என இவையாவும் ஒருவர் அளந்து, வரைந்து, விலை கூறித் தரும் பொருள்களாகிவிட்டன. இத்தகைய ஒன்றைப்பற்றி மெய்யியல் நோக்கில் எழுத என்ன இருக்கின்றது என வாசகர் வினவக்கூடும்.

இவ்விடயத்தில் எளிதாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு உண்டு. பசித்திருப்போர் வாழும் உலகில் இஃது ஆடம்பரம் என்பது ஒன்று. அவரவர் பணம், அவரவர் வீடு, பிறர் பேசுவதற்கு இதில் இடமில்லை என்பது மற்றொன்று. முதலாவது விடை மிகையாக நிறுவுகின்றது. அதனை ஏற்பின் வீட்டிலே வீணை வைத்திருப்பவரையும் நூலகம் வைத்திருப்பவரையும் அதே மூச்சிற் கண்டிக்க வேண்டிவரும். இரண்டாவது, விசாரணை தொடங்குமுன்னரே கதவைச் சாத்திவிடுகின்றது. இரண்டுமே அறையின் விலையை நோக்குகின்றன, அறையை நோக்கவில்லை. அறை என்பது வெறும் இடமன்று. அங்கே யார் இருக்கலாம், எத்தனை பேர் இருக்கலாம், ஒருவர் மற்றவரை எவ்வாறு காணலாம் என்பவற்றை முன்கூட்டியே முடிவுசெய்துவிடும் ஓர் ஏற்பாடு அது. ஆகவே வீட்டு உடற்பயிற்சியறையை வரைபவர், தாம் அறிந்தோ அறியாமலோ, மனிதனுக்கும் அவன் உடலுக்கும் அயலாருக்கும் இடையேயுள்ள உறவுபற்றி ஒரு தீர்ப்பு வழங்குகின்றார். அத்தீர்ப்பு யாது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினா.

முதலில் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். வீட்டிலே உடற்பயிற்சி செய்வது புதிதன்று. அதற்கென ஓர் அறை வேண்டும் என்பதே புதிது. ஜேர்மனியின் லைப்சிக் நகரத்து மருத்துவரான மோரிட்ஸ் ஷ்ரேபர் அறையினுள்ளே செய்யத்தக்க மருத்துவப் பயிற்சிகள் பற்றிய நூலொன்றை 1855இல் வெளியிட்டார். டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் பீற்றர் முல்லர் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடங்கள் போதுமெனக் கூறும் தமது முறையை 1904இல் நூலாக்கினார். அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. கருவிகளால் நிரம்பிய தனியறை எதனையும் இவர்கள் வேண்டி நிற்கவில்லை. படுக்கையின் பக்கத்தில் ஆறடி நிலமும் திறந்த சாளரமும் இருப்பின் போதும். உடலின் தேவை அவ்வளவே எனில், வடிவமைக்கப்பட்ட அறை நிறைவேற்றுவது உடலின் தேவையை மட்டுமன்று என்பது தெளிவு. வேறொரு தேவை அங்கே இருக்கின்றது.

அத்தேவை எத்தகையது என்பதைக் காண்பதற்கு 1927ஆம் ஆண்டின் பேர்லின் நகரம் ஏற்ற இடமாகும். அவ்வாண்டு நாடக நெறியாளர் எர்வின் பிஸ்காட்டர், நொல்லென்டோர்ஃப் சதுக்கத்தில் தமது அரங்கை ஏர்ன்ஸ்ற் டொல்லரின் நாடகத்துடன் தொடக்கினார். பிஸ்காட்டர் பொதுவுடைமையாளர், நாடகத்தைத் தொழிலாளர் வர்க்கத்தின் அரசியற் கருவியாக்க முயன்றவர். பிரெக்ட் அவருடன் பணியாற்றினார். பிரெக்டின் நாடகமொன்றை ஹென்றி ஜயசேன 1967இல் சிங்கள மேடைக்குக் கொணர்ந்தமையை அறிந்த எமது நாடக ஆர்வலர்களுக்கு இப்பரம்பரை அந்நியமானதன்று. பிஸ்காட்டரும் அவர் மனைவி ஹில்டகார்ட்டும் வாழ்ந்த பேர்லின் வீட்டின் உள்ளகத்தை அமைத்துக் கொடுத்தவர் பௌஹவுஸ் கலைக்கூடத்தைச் சேர்ந்த மார்செல் புரோயர். துவிச்சக்கர வண்டியின் வளைந்த கைபிடியைக் கண்டு, உருக்குக் குழாயால் நாற்காலி செய்யலாமென 1925இல் கருதியவர் அவர். பிஸ்காட்டரின் படுக்கையறையிலே அவர் அமைத்தவற்றுள் உடற்பயிற்சிக் கருவிகளும் இருந்தன. வெண்ணிறச் சுவர், ஒடுங்கிய கட்டில், கண்ணாடி அலுமாரி, சுவரோடு சேர்ந்த பயிற்சிக் கருவிகள். அலங்காரம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. இன்றைய வடிவமைப்பாளர் பலர் விற்கும் தோற்றமும் ஏறத்தாழ இதுவேயாம். நூறாண்டுகளாகியும் அவர்கள் பெரிதும் முன்னேறிவிடவில்லை என்று கூறினும் தவறில்லை.

பொதுவுடைமையாளர் ஒருவருக்கு இப்படியொரு வீடா என்று நகைப்பது எளிது. ஆனால் அந்த நகைப்பு விடயத்தைத் தவறவிடுகின்றது. கனத்த திரைச்சீலை, தூசி படிந்த வெல்வெட், மூதாதையர் படங்கள் ஆகியவற்றால் நிரம்பிய பழைய முதலாளித்துவ வீட்டுக்கு எதிரான கலகமாகவே அவ்வறை கருதப்பட்டது. தன் உடலைத் தானே பயிற்றும் விழிப்புள்ள புதிய மனிதன் அங்கே வாழ்வான் என்பது அதன் பொருள். அறை அந்த மனிதனைச் சித்திரித்தது. இங்கேதான் முதலாவது இடர்ப்பாடு தோன்றுகின்றது. பிஸ்காட்டர் ஒவ்வொரு காலையும் அக்கருவிகளைப் பயன்படுத்தினாரா என்பதை அறையின் புகைப்படம் எமக்குக் கூறாது. அவர் பயன்படுத்தாவிடினும் படம் அவ்வாறே இருந்திருக்கும். ஒழுக்கத்தின் உருவமும் ஒழுக்கமும் ஒன்றையொன்று சாராமலே நிலைக்கக்கூடும் என்பதை எந்த அறநூலையும்விட இவ்வறை தெளிவாக உணர்த்துகின்றது. இன்று எத்தனையோ வீடுகளில் விலையுயர்ந்த ட்ரெட்மில் சில மாதங்களிலேயே துணி உலர்த்தும் கொடியாகிவிடுவதைப் பலரும் வேடிக்கையாகப் பேசுவர். வேடிக்கையின் அடியில் இருப்பது இதுதான்: வாங்கத்தக்கது அறை, பயிற்சி வாங்கத்தக்கதன்று.

எனினும் இதனைக் கொண்டு அறையையே பழித்தல் பொருந்தாது. ஜேர்மானிய மெய்யியலாளரான கான்ற் 1797இல் வெளியிட்ட அறவியல் நூலில், மனிதனுக்குத் தன்பாற் கடமைகள் உண்டென்றும், உடலின் ஆற்றல்களைப் பேணி வளர்த்தலும் அவற்றுள் ஒன்றென்றும் கூறுவார். இதனை நாம் ஏற்பின், அக்கடமையைச் செய்வதற்கு ஓர் இடத்தை ஆயத்தம் செய்வதும் குறைகூறத்தக்கதன்று. மன உறுதி குன்றிய வேளையிலும் கண்முன்னே நிற்கும் அறை ஒருவனைப் பயிற்சிக்கு அழைக்கலாம். நல்ல வடிவமைப்பாளர் ஒருவர் கதவை எங்கே வைப்பது என்பதில் உளவியலும் பார்ப்பார். இவ்வளவும் அறைக்குச் சார்பாகக் கூறத்தக்கவை. எனது ஐயம் வேறிடத்தில் உள்ளது. தன்பாற் கடமையைத் தன்னந்தனியாகத்தான் செய்ய வேண்டுமா?

பண்டைய கிரேக்கர் இவ்வினாவுக்கு அளித்த விடை அவர்களது கட்டடங்களிலே காணப்படுகின்றது. பிளேட்டோவின் கல்விக்கழகம் அமைந்ததும், அரிஸ்டோட்டில் கற்பித்ததும் ஏதென்சின் பொது உடற்பயிற்சிக் களங்களிலேயாம். உரோமக் கட்டடக்கலைஞரான விற்றுருவியஸ் தமது நூலின் ஐந்தாம் பகுதியில் கிரேக்கரின் மற்களரி எவ்வாறு அமைய வேண்டுமென விரித்துரைக்கின்றார். முற்றத்தைச் சூழ்ந்த தாழ்வாரங்களில் விசாலமான அறைகள் அமைய வேண்டும். அவற்றிலே மெய்யியலாரும் சொல்வல்லுநரும் அமர்ந்து உரையாடுவதற்கு இருக்கைகள் இருக்க வேண்டும் என்பது அவர் விதி. இன்றைய உடற்பயிற்சியறையின் வரைபடத்தை எடுத்து நோக்குங்கள். மற்றொருவர் அமர்வதற்கான இருக்கை அங்கே அரிதாகவே கிடைக்கும். கிரேக்கரின் தலையாய பயிற்சிகளுள் ஒன்று மற்போர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அதற்குக் கருவி தேவையில்லை. இன்னொருவரின் உடல் தேவை. எதிரே நிற்பவன் என்னைத் தள்ளுகின்றான். நான் எங்கே வலுவிழந்தேன் என்பதை அவன் கை எனக்குக் கற்பிக்கின்றது. நான் வீழ்ந்தால் என்னை எழுப்புவதும் அக்கையே. இன்று அந்த எதிராளியின் இடத்தில் சுமையும் கம்பியும் கப்பியும் நிற்கின்றன. அவற்றின் எதிர்ப்பை இலக்கத்தால் நிறுத்திக் கொள்ளலாம், குறைத்துக் கொள்ளலாம், சலித்தால் விட்டு எழலாம். எதிராளி நாம் விரும்பும் அளவில் மட்டும் எதிர்ப்பவனாகிவிடுகின்றான். கண்ணாடியின் நிலையும் இத்தகையதே. அசைவின் பிழையைக் காணவே கண்ணாடி வேண்டும் என்பர். அது மெய்தான். ஆயினும் என் பிழையை என் கண்கொண்டே பார்க்க வேண்டியிருக்கின்றது. எனக்குப் பிடிக்காத ஒன்றைக் காணாதிருக்கவும் அக்கண்ணுக்கு உரிமையுண்டு.

இவ்வளவில் பொதுக்களத்தின் பெருமையைப் பாடி முடித்துவிடலாம். அப்படி முடிப்பது நேர்மையாகாது. கிரேக்கக் களரியின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அடிமைகள் அங்கே பயிற்சி செய்யக்கூடாதென்னும் சட்டம் சோலோனுடையதெனக் கூறப்படுகின்றது. மக்கெடோனியாவின் பெரோயா நகரத்துக் களரிச் சட்டம் கல்லிலே பொறிக்கப்பட்டு எமக்குக் கிடைத்துள்ளது. கிறிஸ்துவுக்கு முந்திய இரண்டாம் நூற்றாண்டினதான அச்சட்டம் அடிமைகளோடு விடுதலை பெற்ற அடிமைகளையும் சந்தைத் தொழில் செய்வோரையும் விலக்குகின்றது. ஏதென்சின் பெண்களைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இருக்கைகள் இருந்தன, யார் அமரலாம் என்பதும் தீர்மானிக்கப்பட்டிருந்தது.

பொதுக்களத்திற்கு எதிரான வேறொரு சான்றும் உண்டு. 1811இல் பேர்லின் புறநகரான ஹாசன்ஹைடவில் பிரீட்ரிக் யான் திறந்தவெளி உடற்பயிற்சிக் களத்தை அமைத்தபோது, அது தேசிய விடுதலையுணர்வின் களமாகவே இருந்தது. 1820இல் பிரஷ்ய அரசு அத்தகைய களங்களைத் தடைசெய்யும் அளவுக்கு அவற்றை அஞ்சிற்று. அதே நாட்டிலே 1933இன் பின்னர் நாசிகள் ஆயிரக்கணக்கானோரை ஒரே அசைவில் நிறுத்திக் காட்டினர். அங்கே அயலார் இருந்தனர். ஆனால் இன்னொருவர் என்று சொல்லத்தக்க ஒருவரும் இருக்கவில்லை. அணிவகுப்பிலே பக்கத்தில் நிற்பவன் என்னைத் திருத்துவதுமில்லை, எனக்கு மறுப்புரைப்பதுமில்லை. அவன் என் பிரதி. அத்தகைய கூட்டத்திலிருந்து ஓடித் தன்னறையில் ஒளிந்துகொள்பவனை எவ்வாறு குறைகூறுவது?

இன்றைய பெண்ணொருத்தியின் நிலையை நோக்குவோம். பொது உடற்பயிற்சி நிலையத்திலே அவள் காற்சட்டையையும் அசைவையும் அளக்கும் கண்கள் எத்தனை! உடல் பருத்தோர், முதியோர், ஊனமுற்றோர் ஆகியோரும் அத்தகைய கண்களை நன்கறிவர். இவர்களுக்கு வீட்டின் தனியறை ஆடம்பரமன்று. பிறர் பார்வையிலிருந்து பெறும் விடுதலை. தெருவிலே ஓடிப் பயிலலாமே என்பவர், எந்தப் பாலார் எந்த வேளையில் எந்தத் தெருவில் ஓடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும். என்னைக் கேட்பின், தனியறைக்குச் சார்பாக இதனினும் வலிய வாதம் வேறில்லை. ஆனால் அது அறையின் சிறப்பை நிறுவவில்லை, வெளியின் குறையையே நிறுவுகின்றது. மேலும், அத்தகைய அறை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிற் பெரும்பாலோர் வடிவமைப்பாளரை அழைக்கும் நிலையில் இல்லை.

அறையின் சுவரையும் கண்ணாடியையும் பார்த்தோம். தளத்தையும் ஒருமுறை குனிந்து பார்த்தல் நன்று. உடற்பயிற்சியறைகளின் கரிய தளவிரிப்புப் பெரும்பாலும் பழைய ரயர்களைத் துகளாக்கி மீண்டும் அழுத்திச் செய்யப்படுவது. பாரவூர்தி ரயர்களில் இயற்கை இறப்பரின் பங்கு பெரிது. பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைப்பிக்கப்பட்டு, அக்கன்றுகள் 1876இல் இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தமையும், பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகள் இறப்பர்த் தோட்டங்களானமையும் நாமறிந்த வரலாறு. பால் நன்கு வடியும் குளிர்ந்த வேளையிலே வேலையைத் தொடங்க வேண்டியிருப்பதால் பால்வெட்டும் தொழிலாளி விடியுமுன் எழுகின்றார். நூற்றுக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாய்ச் சுற்றி வெட்டுகின்றார். பின்னர் பாலைச் சேர்த்து வாளிகளிற் சுமந்து மேடு பள்ளம் கடக்கின்றார். குனிதல், நடத்தல், சுமத்தல் என்பனவே வேறொருவர் பணங்கொடுத்துச் செய்யும் பயிற்சியின் கூறுகளும் ஆகும். ஒருவரின் வியர்வை கூலிக்கு; மற்றவரின் வியர்வை நலத்துக்கு. இவ்விரு வியர்வையும் ஒரே தளத்தில் விழுகின்றன என்பதை அறையின் வடிவமைப்பு வெளிக்காட்டுவதில்லை. வெளிக்காட்ட வேண்டும் என்று நான் கூறவில்லை. எந்தப் பொருள்தான் தன் உற்பத்தி வரலாற்றைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றது? ஆயினும் உடலைப் பேணும் அறம்பற்றிப் பேசும்போது எந்த உடலை என்ற வினாவையும் சேர்த்துக் கேட்பது முறை.

2020இல் கொள்ளைநோய் பரவியபோது உலகெங்கும் பொது நிலையங்கள் மூடப்பட்டன. எமது நாட்டில் மார்ச் 20 முதல் நாடளாவிய ஊரடங்கு நடைமுறையாயிற்று. வீட்டுக் கருவிகளுக்கான தேவை பல நாடுகளில் திடீரெனப் பெருகியது. அக்காலத்திற் பெரும்புகழ் எய்திய அமெரிக்க நிறுவனமான பெலட்டன் விற்றது வெறும் துவிச்சக்கரக் கருவியை அன்று. அதன் முன்னே ஒரு திரையை. திரையிலே பயிற்றுநர் தோன்றி ஊக்குவிப்பார். வேறு வீடுகளிலிருந்து பயில்வோரின் பெயர்கள் பக்கத்தில் ஓடும். வடிவமைப்பு வெளியேற்றிய இன்னொருவரை வணிகம் படமாக்கி மீண்டும் உள்ளே அழைத்து வந்தது எனலாம். மனிதர் தனிமையில் நெடுநாள் பயில மாட்டார் என்பதை வணிகர் மெய்யியலாரினும் முந்தி அறிந்துகொண்டனர். நிலையங்கள் மீண்டும் திறந்தபின் தேவை தளர்ந்தது. 2022 பெப்ரவரியில் அந்நிறுவனம் ஏறத்தாழ 2,800 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது.

புரோயரின் கதையை இடையிலே விட்டுவந்தோம். பிஸ்காட்டரின் வீட்டுக்குப்பின் அவர் இரு வேறு திசைகளிற் சென்றார் என்பது கவனிக்கத்தக்கது. 1930இல் பாரிசில் நடைபெற்ற ஜேர்மானியக் கண்காட்சியில் வால்டர் குரோப்பியசும் அவரும் வேறு சிலரும் இணைந்து, உயர்ந்த தொடர்மாடியொன்றில் வாழ்வோர் யாவருக்கும் பொதுவான கூடங்களை அமைத்துக் காட்டினர். அதிலே வாசிப்பிடமும் சிற்றுண்டிக் கூடமும் நடன இடமும் நீச்சற் குளமும் உடற்பயிற்சியிடமும் அடங்கின. அடுத்த ஆண்டு, 1931இல், பேர்லின் கட்டடக் கண்காட்சியில் அதே புரோயர் விளையாட்டு வீரன் ஒருவனுக்கான இல்லத்தைக் காட்டினார். அவ்வில்லத்தின் நடுவே பெரிய பயிற்சிக் கூடம். உறங்கவும் உண்ணவும் கற்கவும் அதன் ஓரத்திலே சிறு சிற்றறைகள். முன்னதில் உடற்பயிற்சி பலர் கூடும் வாழ்வின் ஒரு பகுதி. பின்னதில் வாழ்வு முழுவதுமே ஒருவனது உடற்பயிற்சியின் ஓரத்து ஒட்டு. ஒரே கலைஞர், ஒரே உருக்குக் குழாய், ஓராண்டு இடைவெளி. ஆகவே நடை, பொருள், நுட்பம் ஆகியவை இத்தீர்ப்பை எமக்காக வழங்கிவிடுவதில்லை. எத்தனை பேருக்கு என்ற ஒரு வினாவுக்கான விடையே இரண்டையும் வேறாக்குகின்றது. தொழில்முறை வடிவமைப்பாளருக்கு அறக்கடமை ஏதேனும் உண்டெனில், பணம் தருபவரிடம் இவ்வினாவை ஒருமுறையேனும் கேட்பது அதுவாகும் என நான் கருதுகின்றேன். வேலைக்குப் பின்னர் வீட்டுப் பணியாளர் இவ்வறையைப் பயன்படுத்தலாமா? அயல்வீட்டு முதியவர் வரலாமா? மகளுடன் பயில்வதற்கு இடமுண்டா? சுவரோரம் ஒரு நீண்ட வாங்கு போட வேண்டுமா? வாங்கின் விலை கண்ணாடியின் விலையில் ஒரு சிறு கூறே.

பாரிசிற் காட்டப்பட்டது கண்காட்சி மட்டுமே. அவ்வெண்ணத்தைப் பேரளவிற் கட்டி நிறுத்தியவர்களுள் முதன்மையானவர் லெ கொர்புசியே. 1952இல் மார்செய் நகரில் நிறைவெய்திய அவரது பெருந்தொடர்மாடியின் உச்சியிலே, குடியிருப்போர் யாவருக்குமாக ஓடுபாதையும் உடற்பயிற்சிக் கூடமும் குழந்தைகளுக்கான இடமும் இருந்தன. அக்கூடம் பின்னாளில் தனியார் கைக்கு மாறிற்று. 2013இல் கலைக்காட்சிக் கூடமாகத் திறக்கப்பட்டது. கொழும்பிலே அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ள உயர்ந்த தொடர்மாடிகளின் விளம்பரங்களிலும் நீச்சற் குளத்துக்குப் பக்கத்தில் உடற்பயிற்சிக் கூடத்தின் படம் தவறாது காணப்படுகின்றது. படத்திலே கருவிகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடிச் சுவருக்கப்பால் கடல் தெரிகின்றது. பெரும்பாலும் மனிதர் எவரும் இல்லை. இருப்பின் ஒருவரே இருக்கின்றார். பொதுக்கூடம் என்றே அதன் பெயர். வாயிலில் காவலர் நிற்கின்றார். அவர் பன்னிரண்டு மணிநேரம் நின்ற கால்களோடு இரவு பேருந்தில் வீடு செல்கின்றார்.